சீல் போட்ட பிறகு வரும் படபடப்பு

என்னோடு வேலை பார்க்கும் கரீம் பாய் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய மச்சானுக்கும் என்னைப் போல ஒரு தொல்லை. தொழுகைக்கு முன்னால் முகம் கை கால் கழுவி ஒளு எடுக்க உட்கார்ந்தால், சரியாகக் கழுவினோமா என்ற சந்தேகத்திலேயே ஒரு டிரம் தண்ணீர் காலியாகிவிடுமாம். எல்லோரும் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் குழாயடியிலேயே இருப்பாராம். "நா சொன்னா கேக்க மாட்டேன்றான் நைனா. ஷைத்தான் வேலைன்னு சொல்லிகினு கீறான். நீ பட்டத அப்டியே எயுதிக் குடு, அவனாண்ட படிச்சுக் காட்றேன்" என்றார். எனக்கு எழுதுவதில் ஆசை ஒன்றும் இல்லை. உடம்பு அசந்து கிடக்கிறது, மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மத்தியானமானால் கண் சொருகுகிறது. ஆனால் கரீம் பாய் கேட்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் பெயர் கஜேந்திரன். வீடு தண்டையார்பேட்டையில். வேலை திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில். டாலி கிளார்க் என்பார்கள். லாரியில் வரும் பெட்டிகளைக் கரீம் பாயும் அவர் ஆட்களும் கன்டெய்னருக்குள் அடுக்க, நான் அட்டையும் பேனாவுமாக வாசலில் நின்று எண்ணுவேன். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. அது ஒரு கட்டு. ஏற்றி முடித்ததும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் இரும்பு சீலைச் செருகி அழுத்த வேண்டும். டக் என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகு அந்தக் கதவைக் கையால் திறக்க முடியாது, கட்டர் வைத்து வெட்டினால்தான் உண்டு. சீல் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் டிரெய்லர் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

"கஜா எண்ணினா மறு எண்ணம் வேணாம்" என்று யார்டில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலைக்கனம்தான். ஒரு பெட்டியை இரண்டு தடவை பார்ப்பதும், ஒரு பூட்டை மூன்று தடவை இழுப்பதும் என் திறமை என்றே நினைத்திருந்தேன். வியாதி இப்படி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

இரண்டரை வருடம் முன்னால், ஒரு நாள் சீல் அழுத்திவிட்டுத் திரும்பினால் ஆட்களில் ஒருவரைக் காணவில்லை. ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார், டீ குடிக்கப் போயிருக்கிறார். யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் என்னை விட்டுப் போகவே இல்லை. அவர் உள்ளே மாட்டியிருந்தால்? இரும்புக்குள், வெயிலில், கப்பலில், எத்தனை நாள்? அன்றிலிருந்து ஒவ்வொரு சீலுக்கும் அதே கேள்வி. உள்ளே ஆள் இருக்கிறாரா? கூரை வரைக்கும் பெட்டி அடுக்கிய கன்டெய்னரில் ஆள் எங்கே நிற்க முடியும் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்கவில்லையே.

முதலில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணினேன். பிறகு இரண்டு தடவை எண்ணினேன். பிறகு கதவைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். கதவு சாத்தும் முன் போனில் படம் எடுத்தேன். படத்தில் நான் எதையாவது பார்க்காமல் விட்டிருந்தால் என்று தோன்றவே, அதை வீட்டுக்கு அனுப்பி மனைவியைக் கேட்க ஆரம்பித்தேன். சுமதி வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். மிஷினை நிறுத்திவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "யாரும் இல்லயா, பொட்டிதான் கீது" என்பாள். அவள் சொன்னதும் நெஞ்சு ஆறும். கால் மணி நேரம் தாங்கும். மறுபடி போன் செய்வேன். வீட்டுக்கு வந்தால் கேஸ், பூட்டு, மோட்டார் சுவிட்ச். எல்லாவற்றுக்கும் அவள் வாயால் ஒரு 'இல்ல', ஒரு 'மூடியாச்சு' வேண்டும். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை.

போன வெயில் காலத்தில் அது நடந்தது. சீல் போட்டாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று, டிரெய்லர் கேட்டுக்குப் போய்விட்டது. எனக்குள் ஒரு குரல், இந்தத் தடவை நிச்சயம் உள்ளே ஆள் இருக்கிறான் என்றது. ஸ்டோரிலிருந்து கட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். டிரைவர் இறங்கி வருவதற்குள் சீலை வெட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் இது எவ்வளவு பெரிய தப்பு என்று அதில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெட்டிய சீலுக்குப் பதில் சொல்லி, மறுபடி சுங்கச் சோதனை முடிந்து போவதற்குள் கப்பல் போயே போய்விடும். போனது. கதவைத் திறந்தால் தரையிலிருந்து கூரை வரைக்கும் பெட்டி. ஆள் என்ன, கை நுழையக்கூட இடமில்லை. அதைப் பார்த்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். இடது கை மரத்துப்போயிற்று. மூச்சு வரவில்லை.

கரீம் பாய்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழியெல்லாம் என் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒண்ணும் இல்ல நைனா, கண்ண மூடாத, எங்கூடப் பேசிகினே வா" என்றார். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றின் பின்கதவையும் பார்த்துக்கொண்டே போனேன். சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதும் அதே நினைப்புதான்.

அவசரப் பிரிவில் சட்டையைக் கழற்றி ஈசிஜி எடுத்தார்கள். இதயம் அடிக்கும்போது ஓடும் சிறிய மின்சாரத்தைக் கோடாகப் போட்டுக் காட்டும் படம் அது. பிறகு ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசைக்குச் சேதம் வந்திருந்தால் ரத்தத்தில் ஒரு பொருள் கசியுமாம், அது இருக்கிறதா என்று பார்க்க. சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் வயதையும் எனக்கு இருக்கும் சர்க்கரை வியாதியையும் உத்தேசித்து மூன்று நாள் வார்டில் போட்டார்கள். எக்கோ, நடைமிஷின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒரு பெஞ்சு, ஒரு காத்திருப்பு. சுமதி காலையில் இட்லியும் மத்தியானம் ரசஞ்சோறும் தூக்கில் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள். கரீம் பாய் தினம் சாயங்காலம் பன் வாங்கிக்கொண்டு வருவார். எல்லோரும் என்னிடம் சத்தம் குறைத்துப் பேசினார்கள். எனக்கு அழுகையாக வந்தது. ஹார்ட் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு டாக்டரும் சொல்லும்போது நிம்மதி வருவதற்குப் பதிலாக, இவர் சரியாகப் பார்த்தாரா என்றுதான் தோன்றியது.

யார்டிலிருந்து மேனேஜர் போனில் பேசினார். நல்ல மனிதர்தான். "உடம்ப பாத்துக்க கஜா. ஆனா ஒண்ணு, இனிமே சீல்ல கை வைக்கலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்தாதான் உள்ள வரணும்" என்றார். அதில் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு கதவைச் சாத்தி, சீல் போட்டு, அனுப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? முடிந்தால் வேலை உண்டு.

வீட்டுக்கு அனுப்பும்போது நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சிறு பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஹோல்டர் என்று பெயர். ஒரு நாள் முழுக்க இதயம் அடிப்பதை அது பதிவு செய்யும். கூடவே ஒரு தாள் கொடுத்தார் நர்சம்மா. எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், படபடப்பு எப்போது வந்தது என்று எழுதுங்கள் என்றார். மற்றவர்கள் பத்து வரி எழுதிக் கொண்டுவருவார்கள் போலிருக்கிறது. நான் டாலி கிளார்க். தாள் போதாமல் ஒரு நோட்டு வாங்கினேன். நிமிடத்துக்கு நிமிடம் எழுதினேன். கேஸ் பார்த்தால் ஒரு கோடு, பூட்டை இழுத்தால் ஒரு கோடு, நாலுக்குக் குறுக்கே ஒன்று. அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதென்று மறுபடி நல்ல கையெழுத்தில் படி எடுத்தேன். அதைச் சரிபார்த்ததற்கும் தனியாகக் கோடு போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஹார்ட் டாக்டர் கிராபைப் புரட்டிக்கொண்டே, "நடுநடுவே ஒரே கிறுக்கலா இருக்கே, ஒயரத் தொட்டீங்களா?" என்றார்.

"ஒட்டிகினு கீதான்னு அமுக்கிப் பாத்தேன் சார்."

"எத்தன தடவ?"

"எயுதி வச்சிகீறேன் சார்" என்று நோட்டை நீட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் நீட்டினேன்.

அவர் ஒரு பக்கம் பார்த்தார். அடுத்த பக்கம் பார்த்தார். கிராபை ஓரமாக வைத்துவிட்டு நோட்டையே படிக்க ஆரம்பித்தார். வெளியே வரிசையில் அத்தனை பேர் இருக்க, முழு நோட்டையும் புரட்டினார். "இந்தக் கட்டெல்லாம் என்ன?" என்றார்.

"ஒரு கட்டுக்கு அஞ்சு சார். கேஸ் மூடி கீதான்னு பாத்தது."

பக்கத்தில் நின்ற சுமதி எட்டிப் பார்த்தாள். பக்கம் முழுக்கக் கட்டுக்கட்டாகக் கோடு. அவளிடம் கேட்டதற்கு மட்டும் தனிப் பத்தி போட்டிருந்தேன், அதுதான் எல்லாவற்றிலும் நீளம். கூடவே வாழ்கிறவளுக்கும் மொத்தமாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் என்னைப் பார்த்து, "உங்க இதயம் நல்லா இருக்கு. பாவம், மேல தலையில இருந்து வர்ற உத்தரவுக்கெல்லாம் ஓடுது. நீங்க பாக்க வேண்டிய டாக்டர் வேற" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டில் மனநலப் பிரிவு என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நெஞ்சுவலி என்று வந்தவனைப் பைத்தியம் என்கிறாரே என்று வராந்தாவில் கத்தினேன். சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பைத்தியம்னு யாருயா சொன்னது? நீ பேஜாராவுறன்னு ரெண்டு வருசமா கம்முனு கெடந்தேன். இப்ப நீ கம்முனு வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். நான் சொன்னதை நடுவில் நிறுத்தாமல் கேட்டார். இதற்கு ஓசிடி என்று பெயர், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள் என்றார். வேண்டாத ஒரு நினைப்பு மறுபடி மறுபடி வரும், அது கொடுக்கும் பயம் அடங்க ஒரு காரியத்தை மறுபடி மறுபடி செய்யத் தோன்றும், செய்தால் கொஞ்ச நேரம் அடங்கும், அடங்குவதாலேயே அடுத்த தடவை இன்னும் பலமாக வரும். "சந்தேகம் எல்லாருக்கும் வரும். சரி, போதும்னு உள்ள ஒரு மணி அடிக்கும், விட்டுடுவாங்க. உங்களுக்கு அந்த மணி அடிக்க மாட்டேங்குது" என்றார். மாத்திரை உண்டு, ஆனால் வேலை செய்யப் பல வாரம் ஆகும், முதலில் வயிற்றைப் பிரட்டும் என்றார். பிரட்டியது. மூன்று வாரம் மோர்சாதத்தைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

அந்தப் பிரிவில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இந்த நோய் உள்ளவர்களின் மூளையும் இதயமும் ஒரே நேரத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று பதிவு செய்கிறார்கள், விருப்பம் இருந்தால் வரலாம், கட்டாயம் இல்லை என்றார் டாக்டரம்மா. எனக்கு உள்ளே ஒரு கணக்கு. படமாக, பேப்பராக ஒன்று கையில் கிடைத்தால் மேனேஜர் முன்னால் போடலாம் அல்லவா. ஒத்துக்கொண்டேன்.

தலையில் ஒயர் வைத்த தொப்பி, ஒவ்வொரு ஓட்டையிலும் குளிர்ந்த பசை, நெஞ்சில் பழையபடி ஈசிஜி. முதலில் கண்ணை மூடிச் சும்மா உட்காரச் சொன்னார்கள். பிறகு திரையில் அம்புக்குறிகள் மின்னும், நடு அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். யாராக இருந்தாலும் தப்பு வரும், வரட்டும் என்றே வைத்திருக்கிறார்கள். தொப்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நான்கு தடவை கேட்டேன். முதல் தடவை பதில் சொன்னார்கள், பிறகு சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

முடிந்ததும் டாக்டரம்மாவே உட்கார்ந்து விளக்கினார். தப்பு செய்தால் எல்லோருடைய மூளையிலும் அந்த நொடியே ஒரு சிறு அலை எழும். ஓசிடி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அது கொஞ்சம் பெரிதாக எழுகிறது. இதயத்திலும் ஒன்று உண்டு. நல்ல இதயம் ஒரே சீராக அடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று வேகம், விடும்போது சற்று நிதானம். ஓயாமல் பதறுகிறவர்களிடம் அந்த நெகிழ்வு குறைந்துபோகிறது என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள், அதனால்தான் பார்க்கிறோம் என்றார்.

"எனக்கு எப்டிமா கீது? பெரிசா வருதா?"

"ஒரு ஆளோட கோட்டப் பாத்து வியாதி இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாதுங்க. நிறைய பேரச் சேத்துப் பாத்தாதான் ஏதாவது தெரியும்."

"ஒரு பேப்பராச்சும் குடுங்கம்மா. நிச்சயமா இதான்னு."

"நிச்சயம் வேணும்ங்கற அந்த வியாதியாலதானே இங்க வந்து உக்காந்திருக்கீங்க" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அதன் பிறகுதான் உண்மையான வைத்தியம். கேட்டால் சிரிப்பாக இருக்கும். பயத்தை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டு, அதை அடக்க எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அறையில் ஓர் இரும்பு பீரோ. அதைச் சாத்திப் பூட்டி, உள்ளே ஓர் ஆள் மூச்சுத் திணறுகிறான் என்று நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தட்டக் கூடாது, காது வைக்கக் கூடாது, யாரையும் கேட்கக் கூடாது. விரலில் நாடித்துடிப்பு காட்டும் கிளிப் மாட்டினார்கள். முதல் நாள் நூற்றி இருபதுக்கு மேல் போயிற்று. சட்டை நனைந்துவிட்டது. போதும் விடுங்கம்மா என்று கெஞ்சினேன். அவர் விடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண்பத்தெட்டு. நான் ஒன்றுமே செய்யவில்லை, அதுவாக இறங்கியிருக்கிறது. சரிபார்த்ததால்தான் அடங்குகிறது என்று இரண்டு வருடமாக நம்பியிருந்தேன், பார்க்காவிட்டாலும் அது அடங்கும். இதை நம்புவதற்கு எனக்கு எட்டு வாரம், வாரம் இரண்டு தடவை, அதே பீரோ.

சுமதியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இனி அவர் கேட்டால் பதில் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது, இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது என்றார் டாக்டரம்மா. சுமதி கோபப்பட்டாள். "அது நெஞ்சப் புடிச்சிகினு கேக்கும்போது நா எப்டிம்மா வாயக் கட்டிகினு இருப்பேன்? ஒரு வார்த்த சொல்றதுல இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் வியாதிக்குச் சாப்பாடு என்றார் டாக்டரம்மா. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு வருடம் மிஷினை நிறுத்தி நிறுத்திப் படம் பார்த்தவள் அவள். அதெல்லாம் எனக்குக் கெடுதல் செய்தது என்று கேட்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும். அன்றிரவு கேஸ் மூடியாச்சா என்று கேட்டேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் கத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டேன். அதற்கு நான் பிறகு மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அந்தத் தட்டு உருண்ட சத்தம் காதில் இருக்கிறது.

வைத்தியம் ஆரம்பித்து நாலு மாதம் கழித்து, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த லெட்டரோடு யார்டுக்குப் போனேன். டாக்டரம்மா ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். சீலுக்கு முன்னால் ஆட்களை ஒரு தடவை எண்ணலாம், அது வேலை. இரண்டாவது தடவை எண்ணினால் அது வியாதி. நான் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம் என்று கரீம் பாயிடமும் சொல்லி வைத்தேன். முதலில் கேட் ரிஜிஸ்டரில் உட்கார வைத்தார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, சீல் போடுகிறவர் வரவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போனேன்.

கோடு போட்டு எண்ணினேன். ஆட்களை ஒரு தடவை எண்ணினேன். கதவைச் சாத்தி சீலை அழுத்தினேன். டக். நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிரெய்லர் கிளம்பியது. அது கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், நெஞ்சு பிய்த்துக்கொண்டு அடித்தது. உள்ளே ஆள்.

"பாய், எல்லாரும் வெளிய வந்துட்டாங்க இல்ல?"

கரீம் பாய் என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. "இன்னா வெயிலு நைனா இன்னிக்கு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

ஷெட்டுக்குப் பின்னால் போய் சுமதிக்குப் போன் செய்தேன். கேட்கக் கூடாது என்று தெரியும், கேட்டுவிட்டேன். "சுமதி, ஒரு சீல் போட்டுட்டேன். உள்ள யாரும் இல்லன்னு ஒரே ஒரு தபா சொல்லுடி. இனிமே கேக்க மாட்டேன்."

மிஷின் சத்தம் நின்றது. அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. "எனக்குத் தெரியாதுயா" என்றாள். போனை வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை.

சுவரோரமாகக் குந்திக்கொண்டேன். கழுத்து நரம்பில் அடிப்பது தெரிந்தது, எண்ணவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் பார்க்கவில்லை. எழுந்து அடுத்த லாரிக்குப் போனேன்.

அந்தக் கன்டெய்னர் கப்பல் ஏறிப் போய்விட்டது. உள்ளே ஆள் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி அது தெரியாமலேயே சாப்பிட்டேன், தெரியாமலேயே தூங்கினேன்.